கண்காணிப்பும் ஓய்வும்: பல வழங்கிகளுக்கு முன்னறிவித்த ஓய்வு வகுக்கும் முறை

1. முன்னுரை

தமிழ் நூல்களை ஆராய்வார்க்கு நெடுங்காலம் துணையாய் நின்றவை ஓலைச்சுவடியும் கல்வெட்டுப் படியும் அச்சு நூலும் ஆகும். சென்ற கால் நூற்றாண்டுக் காலத்தில் நான்காவது துணை ஒன்று வந்து சேர்ந்தது. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனமும், 2005-ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் திட்டமும், தமிழ் விக்கிமூலமும் எண்ணிறந்த நூல்களை மின்வடிவில் யாவர்க்கும் பொதுவாக்கியுள்ளன. ஜெயங்கொண்டத்தில் இருந்து ஆராயும் முதுகலை மாணவர் ஒருவர், சென்னைக்கோ தஞ்சைக்கோ செல்லாமலே பழம்பதிப்பு ஒன்றின் பக்கங்களைத் தம் மேசைமீது விரித்துக் கொள்ளலாம். இஃது எளிய பேறன்று.

ஆயினும் இந்நான்காம் துணைக்குத் தனித்த இயல்பு ஒன்று உண்டு. சுவடியைச் செல் அரிக்கும். அதற்கு ஆண்டுகள் பல வேண்டும். மின்நூலோ இந்நொடி இருந்து மறுநொடி இல்லாது போகும். மீண்டும் தோன்றவும் செய்யும். இந்த இன்மையைச் சுட்ட மக்கள் வழக்கில் உள்ள சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘சர்வர் டவுன்’. நியாயவிலைக் கடையிலும், வங்கியிலும், பதிவு அலுவலகத்திலும், தேர்வு முடிவு காணும் நாளிலும் கேட்கப்படுவது இச்சொல்லே. இயந்திரம் பழுதுற்று வீழ்ந்ததா, பழுது பார்ப்பதற்காக ஆய்ந்து நிறுத்தப்பட்டதா என்னும் வேறுபாடு இச்சொல்லில் இல்லை. முன்னது விபத்து, பின்னது செயல்திட்டம். இரண்டையும் ஒரு சொல்லால் குறிக்கும்போது, விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் செயல்திட்டத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள இடம் ஏற்படுகின்றது. ஆகலின் இவ்வேறுபாட்டை விளக்குதலும், பல வழங்கிகளைக் கண்காணிக்கும் பொறிகளுக்கு முன்னறிவித்த ஓய்வு எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதைக் காட்டுதலும், இதற்குத் தகுந்த சொற்களை எண்ணிப் பார்த்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

வேண்டுவார்க்கு வேண்டிய கோப்பை எடுத்து வழங்கும் கணிப்பொறியே சர்வர் எனப்படும். இதனைச் சேவையகம் என்றும் வழங்கி என்றும் தமிழில் குறிக்கின்றனர். ‘அகம்’ என்பது இடத்தை உணர்த்தும். ‘வழங்கி’ என்பது வினைசெய்வதனை உணர்த்தும். ஈண்டுப் பேசப்படுவது இயந்திரத்தின் செயலே ஆதலின், வழங்கி என்னும் சொல்லையே இக்கட்டுரை ஆள்கின்றது.

வழங்கி ஒழுங்காக இயங்குகின்றதா என இடைவிடாது நோக்கும் செயலைக் கண்காணிப்பு என்கிறோம். இது புத்தாக்கச் சொல் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் செயல்களை மேற்பார்ப்போரைக் ‘கண்காணி’ என்று குறிக்கும் வழக்கு உண்டு. அச்சொல்லே பிற்காலத்தில் ‘கங்காணி’ எனத் திரிந்து, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளரை மேற்பார்த்தவரைக் குறித்தது. கோயிலில் இருந்து தோட்டத்திற்கும், தோட்டத்தில் இருந்து கணிப்பொறிக்கும் இச்சொல் நடந்து வந்திருத்தலைக் காண்கிறோம். மூன்று இடத்தும் பொருள் ஒன்றே: கண்ணால் காண்பது, கண்டதைத் தலைவனுக்கு உரைப்பது. காணுதல், உரைத்தல் என்னும் இவ்விரு தொழிலையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. பின்வருவன எல்லாம் இப்பிரிவினையின் மேல் நிற்பனவே.

இனி, வழங்கி இயங்காதிருக்கும் காலத்தை இரண்டாகப் பகுத்துப் பெயரிடலாம். எதிர்பாராது நேர்வதை ‘வீழ்ச்சி’ என்றும், முன்னரே நாளும் நேரமும் குறித்துச் செய்வதை ‘முன்னறிவித்த ஓய்வு’ என்றும் வழங்கின் மயக்கம் நீங்கும். ஓய்வு என்னும் சொல் வேலை முடிந்தபின் பெறும் இளைப்பாறலை மட்டும் குறிப்பதன்று. தொடர்ந்து நிகழ்வது சிறிதுபோது நிற்றலையும் குறிக்கும். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்னும் வழக்குகள் இதற்குச் சான்று.

3. கண்காணிப்பு நிகழும் முறை

கண்காணிப்புக்கென உருவான மென்பொருள்கள் பல. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது நாகியோஸ். ஈதன் கால்ஸ்டாட் என்பவர் 1999-ஆம் ஆண்டில் நெட்செயின்ட் என்னும் பெயரில் வெளியிட்ட இது, 2002-ஆம் ஆண்டில் நாகியோஸ் எனப் பெயர் மாறியது. இதிலிருந்து 2009-ஆம் ஆண்டில் கிளைத்தது இசிங்கா. அப்பெயர் தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் இருந்து எடுக்கப்பெற்றது. தேடுதல், ஆராய்தல் என்னும் பொருளது. சாபிக்ஸ், புரொமீதியஸ் என்பனவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. புரொமீதியஸ் கண்டவற்றை உரைக்கும் பணியை அலர்ட்மேனேஜர் என்னும் துணைக்கருவி செய்கின்றது.

இவை செய்யும் வேலையை எளிதாகக் கூறலாம். குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு வழங்கியையும் அணுகி, ‘உயிரோடு உள்ளாயா? வட்டில் இடம் உள்ளதா? பக்கங்களை உரிய விரைவில் தருகின்றாயா?’ என வினவும். விடை வாராதாயின், அல்லது வந்த விடை தகாததாயின், பொறுப்பாளர்க்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ விடுக்கும்.

ஒருமுறை விடை வாராமைகொண்டே எச்சரிக்கை எழுப்புவதில்லை என்பது கருதத்தக்கது. நாகியோஸில் முதன்முறை கண்ட குறை ‘மென்னிலை’ எனக் கொள்ளப்படும். வகுத்த எண்ணிக்கை அளவும் மீண்டும் மீண்டும் வினவி, அக்குறை நீடித்தால் மட்டுமே ‘வன்னிலை’ எனத் துணிந்து செய்தி விடுக்கும். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் மூன்று ஒற்றர் கூற்றும் ஒத்துவந்தால் தெளியலாம் என்ற கருத்து ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் கூறியது ஒருவரை ஒருவர் அறியாத மூவர்; ஈண்டு வினவுவதோ ஒரே ஒற்றன் மும்முறை. ஒற்றனிடமே குறை இருப்பின் மும்முறை வினவியும் பயனில்லை. ஆதலாற்றான் பெரிய நிறுவனங்கள் ஒரே வழங்கியை வெவ்வேறு ஊர்களில் இருந்தும் நோக்குகின்றன. வள்ளுவர் கருத்துக்கு அணுக்கமானது இம்முறையே.

4. ஓய்வினை ஏன் அறிவித்தல் வேண்டும்?

வழங்கிக்குப் பழுது பார்த்தல் வேண்டும். புதிய பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றல் வேண்டும். சில வேளைகளில் நிறுத்தி மீண்டும் தொடங்கல் வேண்டும். இவ்வாறு நிறுத்தும்போது கண்காணிக்கு அதனைக் கூறாவிடின், அது தன் கடமையைச் செய்யும். வீழ்ச்சி என முழங்கும். நாற்பது வழங்கிகள் உள்ள நிலையம் ஒன்றில், ஒவ்வொன்றிலும் எட்டுப் பணிகள் நோக்கப்படுகின்றன எனக் கொள்வோம். அனைத்தையும் ஓரிரவில் நிறுத்தித் தொடங்கினால் 320 பொய் எச்சரிக்கைகள் எழக்கூடும். அவற்றுள் ஒன்று மெய்யான எச்சரிக்கையாயின் அதனைக் கண்டறிவார் யார்?

தீங்கு அன்றிரவோடு ஒழிவதில்லை. பொய்யாக முழங்கும் மணியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவி, மெய்யாக முழங்கும் நாளிலும் எழாது. புலி வருகின்றது என்று பலகால் பொய்யாகக் கூவிய சிறுவன் கதை நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அக்கதையில் பிழை சிறுவனுடையது. கண்காணிப்பில் பிழை கண்காணியினுடையது அன்று. ஓய்வினை அதற்கு அறிவியாத பொறுப்பாளருடையது.

ஓய்வு அறிவித்தல் எனில் கண்காணியைக் கண்மூடச் செய்தல் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. நாகியோஸில் ஓய்வுக் காலத்தும் வினவுதல் தொடர்ந்து நிகழும், கண்டவை பதிவாகும், செய்தி விடுத்தல் மட்டுமே நிற்கும். காணுதலும் உரைத்தலும் வேறு என மேலே கூறியதன் பயன் ஈண்டு விளங்கும். முன்னறிவித்த ஓய்வு கண்ணுக்கு அன்று, வாய்க்கே. சாபிக்ஸில் மட்டும் இருவகைக்கும் இடம் உண்டு: தரவு திரட்டிக்கொண்டே வாய்மூடி இருத்தல் ஒன்று, தரவு திரட்டலையும் நிறுத்தல் மற்றொன்று. பின்னதனைத் தேர்ந்தெடுத்தவர், ஓய்வின்போது நிகழ்ந்தது என்னவென்று பின்னர் ஆராய விரும்பினால் சான்றின்றித் தவிப்பர். கல்வெட்டின் நடுவரிகள் சிதைந்தவிடத்து ஆராய்ச்சியாளர் படும் இடர் அவர்க்கும் உண்டாகும்.

5. மின்வாரியத்தின் ‘எல்.சி.’ முறை

இப்பொருளை நன்கு உணர, நம் ஊர்களில் நாள்தோறும் காணும் செய்தி ஒன்றை ஒப்புநோக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் குறித்த துணைமின் நிலையத்தில் இருந்து மின்சாரம் பெறும் ஊர்களில் இன்ன நாள், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை மின் விநியோகம் இராது என்னும் அறிவிப்பை நாளிதழ்களில் காண்கிறோம். ஜெயங்கொண்டம் வட்டாரத்து மக்களும் இதற்குப் பழகியவரே. மாவு அரைப்பார் முன்னாளே அரைத்துக் கொள்வர். மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரப்பி வைப்பர். இஃது முன்னறிவித்த ஓய்வு. காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்து மின்சாரம் நின்றால் அது வீழ்ச்சி. இரண்டிடத்தும் இருள் ஒன்றே. ஆயினும் மக்கள் மனநிலை வேறு.

மின்வாரியத் தொழிலாளர் கம்பத்தில் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் ‘லைன் கிளியர்’ பெறுதல் வேண்டும்; ‘எல்.சி. வாங்குதல்’ என்பது அவர்தம் வழக்கு. இன்ன தடத்தில் இன்னார் வேலை செய்கின்றார், இன்ன நேரத்தில் வாங்கினார் எனப் பதிவேட்டில் எழுதப்படும். வேலை முடிந்தபின் வாங்கியவர் திருப்பித் தந்தாலன்றி அத்தடத்தில் மின்சாரம் விடப்படாது. ஒரே தடத்தில் இரு குழுவினர் எல்.சி. வாங்கியிருப்பின், ஒரு குழு தந்தது போதாது. இரு குழுவும் தருதல் வேண்டும். நாகியோஸும் இவ்வாறே கணக்கு வைக்கின்றது. ஒரு வழங்கிக்கு இருவர் தனித்தனியே அறிவித்த ஓய்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருமாயின், எண்ணிக்கை இரண்டாகும். இரண்டும் முடிந்த பின்னரே வழங்கி ஓய்வுநிலை நீங்கியதாகக் கொள்ளப்படும்.

ஒற்றுமை இவ்வளவே. வேற்றுமை ஒன்று மிக முதன்மையானது. எல்.சி.க்குக் கடிகாரம் இல்லை; திருப்பித் தரும்வரை அது நிற்கும். ஓய்வுக்கோ முடிவு நேரம் உண்டு. யாரும் தொடாவிடினும் அந்நேரத்தில் தானே முடியும். காரணம் என்னை? மின்கம்பத்தில் உயிரைப் பறிப்பது மின்சாரம் உரிய காலத்துக்கு முன் வருதல். ஆதலின் அங்கு நீடித்தலே காப்பு. கண்காணிப்பில் தீங்கு செய்வது அமைதி அளவுகடந்து நீடித்தல். ஆதலின் ஈண்டு முடிதலே காப்பு. வேலை முடியுமுன் ஓய்வு முடிந்தால் எச்சரிக்கை எழும். பொறுப்பாளர் நீட்டித்துக் கொள்ளலாம். வேலை முடிந்த பின்னும் ஓய்வு முடியாதாயின், வழங்கி வீழ்ந்து கிடப்பினும் உரைப்பார் இரார். இவ்விரண்டனுள் முன்னது தொல்லை, பின்னது கேடு.

6. ஓய்வின் உறுப்புகள்

நாகியோஸுக்கு ஓய்வினை அறிவிக்கும் கட்டளை ஒரே வரியில் அமைவது. அவ்வரியில் கட்டளையின் பெயர், வழங்கியின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நிலைத்த ஓய்வா நெகிழ் ஓய்வா என்னும் குறி, இதனைத் தூண்டும் பிறிதோர் ஓய்வு உண்டாயின் அதன் எண், நீளம், அறிவித்தவர் பெயர், காரணம் என்பன முறையே அமையும். எது, எப்பொழுது, எவ்வளவு, யார், ஏன் என்னும் ஐந்து வினாவிற்கும் விடை அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

நிலைத்த ஓய்வு என்பது குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிவது. நெகிழ் ஓய்வு என்பது, ஒரு கால எல்லைக்குள் வழங்கி எப்பொழுது மெய்யாகவே நிற்கின்றதோ அப்பொழுது தொடங்கி, வகுத்த நீளம் அளவும் செல்வது. இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே எப்பொழுதோ ஒருமுறை நிறுத்தப்படும் என மட்டும் அறிந்தவிடத்து, நான்கு மணி நேரமும் வாய்மூடி இருத்தல் வேண்டா. நின்ற நேரத்தில் இருந்து அரைமணி மட்டும் மூடியிருத்தல் போதும். இந்நுட்பத்தால் அமைதியின் அளவு சுருங்குகின்றது.

நேரத்தைக் குறிக்கும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. மேற்கூறிய வரியில் நேரம் மணி, நிமிடமாக எழுதப்படுவதில்லை. 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் உலகப் பொதுநேரம் நள்ளிரவு தொடங்கிக் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாக எழுதப்படும். அத்தொடக்கம் இந்திய நேரப்படி காலை 5.30 ஆகும். ‘இரவு 10 மணி’ என்றால் சென்னைக்கு ஒன்று, இலண்டனுக்கு மற்றொன்று. நொடிக்கணக்கோ எவ்வூரிலும் ஒன்றே. மாந்தர்க்கு உரைக்கும்போது மணியும் நிமிடமும், இயந்திரத்துக்கு உரைக்கும்போது நொடியும் ஆளப்படுகின்றன. இரண்டிற்கும் இடையே மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் பிழைபடின், வேலை நடக்கும்போது எச்சரிக்கை முழங்கி, வேலை முடிந்த பின்னர் அமைதி நிலவும்.

7. பல வழங்கிகளும் தன்னியக்கமும்

ஒரு வழங்கிக்கு ஓய்வினைக் கையால் எழுதலாம். நூறு வழங்கிகளுக்கு எழுதுவது இயலாது. எழுதினும் பிழை புகும். ஏடு பெயர்த்து எழுதுவோர் கையில் நூலில் பிழை புகுந்தவாறு இதற்கும் பொருந்தும். ஆதலின் இப்பணியைத் தன்னியக்கக் கருவிகளிடம் ஒப்புவிக்கின்றனர்.

அக்கருவிகளுள் ஒன்று ஆன்சிபிள். மைக்கேல் டிஹான் 2012-ஆம் ஆண்டில் உருவாக்கிய இதன் பெயர், எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தம் 1966-ஆம் ஆண்டுப் புதினத்தில் புனைந்த சொல். தொலைவைப் பொருட்படுத்தாது உடனே செய்தி செலுத்தும் கற்பனைக் கருவியைக் குறித்தது. இலக்கியச் சொல் ஒன்று தொழிற்சொல் ஆயிற்று. ஆன்சிபிளில் நாகியோஸுக்கென ஒரு கூறு உண்டு. வழங்கி, பணி, நிமிடக் கணக்கு, அறிவித்தவர், காரணம் ஆகியவற்றைக் கூறினால் ஓய்வினை அஃது அறிவிக்கும். நிமிடக் கணக்கைக் கூறாவிடின் 30 நிமிடம் எனக் கொள்ளும். காரணம் கூறாவிடின், ஓய்வு அறிவிக்கப்படுகின்றது என்னும் பொருளற்ற பொதுத்தொடர் ஒன்றைத் தானே எழுதிக்கொள்ளும். இப்பிந்தைய ஏற்பாடு வசதியானது. ஆயின் நன்மையானது எனக் கூறல் இயலாது. ஏன் எனும் வினாவுக்கு விடையில்லாத பதிவு, பதிவாகாது.

தன்னியக்கத்தின் சிறப்பு விரைவு மட்டுமன்று, வரிசை. முறையாக அமைந்த பணி பின்வரும் வரிசையில் செல்லும்: வழங்கிகளைச் சிறு குழுக்களாகப் பகுத்தல், முதற் குழுவுக்கு ஓய்வு அறிவித்தல், அக்குழுவைப் படிப்பார் வரவிலிருந்து விலக்கல், திருத்தம் ஏற்றி மீண்டும் தொடங்கல், ஒழுங்காக இயங்குகின்றதா எனச் சோதித்தல், வரவை மீண்டும் ஏற்கச் செய்தல், ஓய்வினை நீக்கல், அதன் பின்னரே அடுத்த குழுவுக்குச் செல்லல். ஒரு குழுவில் இடர் நேரின் பணி அவ்விடத்தே நிற்கும். நாற்பதும் ஒருசேர வீழாமல் நான்கோடு அமையும்.

8. விக்கிமூலத்தின் வழங்கிகள்

இம்முறை நடைமுறையில் இயங்குதலைத் தமிழர்க்கு அணுக்கமான எடுத்துக்காட்டு ஒன்றால் காண்போம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் உடன்பிறப்பாகிய தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆக்கப்பெற்ற நூல்கள் பல ஏற்றப்பெற்றுள்ளன. இவை விக்கிமீடியா அறக்கட்டளையின் வழங்கிகளில் இருந்து வருவன. முதன்மை நிலையங்கள் இரண்டு: அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்து ஆஷ்பர்னில் ஒன்று, டெக்சாசு மாநிலத்துக் கரோல்ட்டனில் ஒன்று. படிப்பார்க்கு அருகிலிருந்து பக்கங்களை விரைந்து தரும் இடைநிலையம் ஒன்று 2018-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரிலும் உண்டு.

இந்நிறுவனத்தார் தம் வழங்கிகளை ஆள எழுதிய கருவிகளின் பெயர்கள் நம் சமையலறையை நினைவூட்டுவன. பல வழங்கிகளைத் தேர்ந்து கட்டளை செலுத்தும் கருவியின் பெயர் கியூமின்; அதாவது சீரகம். தன்னியக்கப் பணிகளுக்கு வேண்டியவற்றைத் திரட்டி வைத்த கருவித்தொகுதியின் பெயர் ஸ்பைஸ்ரேக். நம் வழக்கில் அஞ்சறைப்பெட்டி எனலாம். ஒவ்வொரு பணியின் செய்முறையும் குக்புக், அதாவது சமையல் நூல். வழங்கிகளுக்கு ஓய்வு அறிவிப்பதற்கெனவும் ஒரு செய்முறை உண்டு. அதற்குக் காரணம் கூறியே ஆதல் வேண்டும். கூறாது செல்ல வழியில்லை. நிகழ்ந்தவை யாவரும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் உடனுக்குடன் எழுதப்படுகின்றன. உலகின் எம்மூலையில் உள்ளாரும் இன்ன நேரத்தில் இன்ன வழங்கி இன்ன காரணத்தால் ஓய்வில் இருந்தது எனப் படித்தறியலாம். கோயிற் கொடையைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்த மனப்பான்மைக்கு இஃது ஒப்பானது.

கியூமினில் போற்றத்தக்க நுட்பம் ஒன்று உள்ளது. கட்டளை எத்தனை வழங்கிகளைத் தொடும் என அது முதலில் காட்டும். தொடரலாமா என வினவும். அதற்கு ‘ஆம்’ என்று விடையிறுத்தல் போதாது. அவ்வெண்ணிக்கையைப் பணியாளர் தம் கையால் தட்டெழுதுதல் வேண்டும். மூன்று வழங்கி எனக் கருதியவர் முந்நூறு என எழுத நேரின் அக்கணமே விழிப்பர். ‘ஆம்’ என்பது பழக்கத்தால் வரும். எண்ணோ எண்ணிப் பார்த்தால்தான் வரும்.

ஸ்பைஸ்ரேக்கில் ஓய்வு, பணியைச் சூழ்ந்த உறைபோல் அமைகின்றது. பணி தொடங்குமுன் ஓய்வு அறிவிக்கப்பெறும். பணி நலமே முடிந்தால் தானே நீக்கப்பெறும். இடையே பிழை நேர்ந்தால், வேறு கூறாதவிடத்து, ஓய்வு நீக்கப்படாது. ஏனெனில் வழங்கி குறையோடு நிற்கின்றது, பணியாளரும் அருகில் உள்ளார். அவர் மறந்தாலும் முடிவு நேரம் வந்தவுடன் கண்காணி வாய்திறக்கும். எல்.சி.யின் திருப்பித் தருதலும், கடிகாரத்தின் தானே முடிதலும் ஈண்டு ஒருங்கு அமைந்துள்ளன.

தனி வழங்கிகளுக்கேயன்றி நிலையம் முழுமைக்கும் முன்னறிவித்த மாற்றம் நிகழ்கின்றது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதன்முறையாக விக்கிமீடியாவின் முதன்மைப் பணி ஆஷ்பர்னிலிருந்து கரோல்ட்டனுக்கு மாற்றப்பெற்று, சின்னாளில் மீட்கப்பெற்றது. அண்மை ஆண்டுகளில் இம்மாற்றம் பகலும் இரவும் ஒத்த நாள்களை ஒட்டி, மார்ச்சிலும் செப்டம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை செய்யப்படுகின்றது. நம்மவர் விஷு என்று போற்றிய காலங்கள் அவை. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், இந்திய நேரம் இரவு 7.30 மணிக்கு இம்மாற்றம் தொடங்கும் என முன்னரே பல மொழிகளில் அறிவித்தனர். அப்பொழுது நூல்களைப் படிக்கலாம். திருத்துதல் மட்டும் ஒருமணி நேரம் வரை இயலாது போகலாம் என்றனர். மெய்யாகத் திருத்தல் நிற்பது இப்பொழுதெல்லாம் சில நிமிடமே. அறிவித்த எல்லை பெரிது. நிகழ்ந்த நிறுத்தம் சிறிது. நல்ல அறிவிப்பின் இலக்கணம் இதுவே.

ஒன்று கேட்கலாம்: இயங்கும் நிலையத்தை ஏன் மாற்றல் வேண்டும்? ஒன்று மெய்யாகவே வீழும் நாளில் மற்றொன்று தாங்குமா என அறிய வேறு வழியில்லை என்பதே விடை. ஓய்வு, வீழ்ச்சிக்கு ஒத்திகையாகவும் பயன்படுகின்றது.

9. காப்பு மீறிய இடம்

தன்னியக்கம் விரைந்து நன்மை செய்வது போலவே விரைந்து தீமையும் செய்யும். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. அன்று நிகழ்ந்தது வழக்கமான பராமரிப்புப் பணியே. தம் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிய விடுத்த கட்டளை ஒன்று, அவ்வலையின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுக்க வேண்டிய கருவியிலும் பிழை இருந்தமையால் அது தடுக்கவில்லை. பழுது பார்ப்பார் ஆளும் உட்கருவிகளும் அவ்வலையையே சார்ந்திருந்தமையால் மீட்சி காலம் தாழ்த்தது.

இதனின்று பெறப்படுவன இரண்டு. முன்னறிவித்த ஓய்வாகத் தொடங்கியது வீழ்ச்சியாக முடிதல் கூடும். ஆதலின் ஓய்வின் எல்லை இடத்தாலும் காலத்தாலும் குறுகி இருத்தல் வேண்டும். கண்காணியும் கண்காணிக்கப்படுவதும் ஒரே தூணில் சாய்ந்து நிற்றல் ஆகாது, தூண் சாயின் இரண்டும் ஒருசேர வீழும், உரைப்பார் இரார்.

10. நம் நிறுவனங்கள் கொள்ளத்தக்கன

தமிழ் மின்நூலகம் நடத்துவாரும், தம் வழங்கியில் ஆய்வேடுகளை ஏற்றி வைத்துள்ள கல்லூரிகளும் மேற்கூறியவற்றைப் பேரளவில் செய்தல் வேண்டா. இரண்டு வழங்கி உள்ளவிடத்தும் நெறி ஒன்றே. ஓய்வினை நாளும் நேரமும் குறித்துப் படிப்பார்க்குத் தமிழில் முன்னறிவித்தல். அதனையே கண்காணிக்கும் அறிவித்தல். காரணம் எழுதாத ஓய்வை ஏலாமை. முடிவு நேரம் இல்லாத ஓய்வை ஏலாமை. ஓய்வுப் பதிவேட்டைப் பொதுவில் வைத்தல். ஆய்வேடு ஒப்படைக்கும் இறுதி நாள்களில் ஓய்வு வகுக்காமையும் இதனுள் அடங்கும். காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த மரபினர்க்கு இது கூற வேண்டுவதில்லை.

துணைமின் நிலையம் நிறுத்தப்படும் நாளில் கல்லூரி வழங்கியும் நிற்குமாயின், நாளிதழில் வந்த அறிவிப்பே வழங்கியின் ஓய்வுக்கும் அடிப்படை ஆகலாம். அந்நாளையும் நேரத்தையும் முன்னாள் இரவே கண்காணிக்கு ஊட்டிவிட்டால், மறுநாள் எழும் எச்சரிக்கை எதுவாயினும் அது மெய்யானது என்று துணியலாம்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கண்காணிப்பு என்பது காணுதலும் உரைத்தலும் என இருதொழில் உடையது என்பதும், முன்னறிவித்த ஓய்வு உரைத்தலை மட்டும் நிறுத்துவது என்பதும், பல வழங்கிகளுக்கு அதனை வகுக்கத் தன்னியக்கம் இன்றியமையாதது என்பதும், தன்னியக்கத்துக்கு எல்லையும் காரணமும் முடிவு நேரமும் காப்பாவன என்பதும் பெறப்பட்டன.

சொல் பற்றிய கடமை தமிழாய்வாருடையது. ‘சர்வர் டவுன்’ என்னும் விடை கேட்டுத் திரும்பும் முதியவர்க்கு, அது வீழ்ச்சியா, முன்னறிவித்த ஓய்வா என வினவும் உரிமை உண்டு. ஓய்வு எனின், எப்பொழுது முடியும், யார் அறிவித்தார், எதற்காக எனவும் அவர் வினவலாம். வீழ்ச்சி எனின், பொறுப்பாளர் யார் என வினவலாம். அவ்வினாக்களை எழுப்பச் சொற்கள் முதலில் வேண்டும். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் ஆளும் எளிய ஒழுங்கை நம் வகுப்பறைகளிலும் அலுவலக அறிவிப்புப் பலகைகளிலும் இன்றே தொடங்குதல் கூடும்.